சியாங் மாயில் அரை நாள் தாய்லாந்துச் சமையல் வகுப்பு: பதிவு செய்வது முதல் ஊர் திரும்பிச் சமைப்பது வரை

தாய்லாந்தின் வடக்கே உள்ள சியாங் மாய் நகரில் சுற்றுலாப் பயணிகளுக்கான சமையல் வகுப்புகள் 1990-களிலிருந்தே நடந்து வருகின்றன. இன்று அகழி சூழ்ந்த பழைய நகரத்துக்குள் நடந்தால், சில தெருக்களுக்கு ஒன்று என்ற அளவில் அறிவிப்புப் பலகைகள் கண்ணில் படும். நகரத்துக்கு வெளியே தோட்டங்களுக்கு நடுவிலும் பல பள்ளிகள் இயங்குகின்றன. நான்கைந்து மணி நேரத்தில் ஒரு நாட்டின் சமையலைக் கற்றுவிட முடியாது. ஆனால், செய்முறைக் குறிப்பைப் படித்து மட்டும் பெற முடியாத இரண்டு பழக்கங்களை அந்த நேரத்துக்குள் பெற்றுவிட முடியும். மசாலா விழுதைக் கையால் இடித்துத் தேங்காய்ப்பாலின் எண்ணெயில் வதக்குவது ஒன்று. உப்பு, இனிப்பு, புளிப்பு, காரம் ஆகியவற்றை நாவால் அளந்து சரிசெய்வது மற்றொன்று. வகுப்பைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வீட்டில் மீண்டும் சமைப்பது வரை ஒவ்வொரு முடிவையும் இந்த இரண்டையும் மனத்தில் வைத்து எடுத்தால், கொடுத்த பணத்துக்கு வயிறு நிறைவதோடு கையும் பழகும்.

எப்போது செல்வது

நவம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை சியாங் மாயில் காலைப் பொழுது குளிர்ச்சியாக இருக்கும். அடுப்பருகே நிற்பதற்கு அதைவிடப் பொருத்தமான காலம் இல்லை. எனினும் அது கூட்டம் மிகுந்த காலமும் கூட என்பதால், டிசம்பர், ஜனவரி மாதங்களில் செல்பவர்கள் வகுப்பை ஒரு வாரம் முன்னதாகவே பதிவு செய்வது நல்லது. பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் வரை வயல்களிலும் காடுகளிலும் எழும் தீயால் நகரின் மேல் புகை கவிந்திருக்கும். ஆஸ்துமா போன்ற மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் அந்த மாதங்களைத் தவிர்க்க வேண்டும். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்கிரான் புத்தாண்டு விடுமுறை என்பதால் பல பள்ளிகள் மூடியிருக்கும். ஒட்டரிசியும் மாம்பழமும் சேர்ந்த இனிப்பைக் கற்கவே செல்கிறேன் என்பவருக்கு ஏப்ரலும் மே மாதமும்தான் மாம்பழக் காலம். புகையா, பழமா என்பதை அவரவர் முடிவுக்கு விட்டுவிடலாம்.

பயணத்தின் எந்த நாளில் வகுப்பை வைத்துக்கொள்வது என்பதும் முக்கியம். பலர் கடைசி நாளுக்கு ஒதுக்குகிறார்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது நாளே சிறந்தது என்பது என் கருத்து. ஓரிரு வேளை வெளியில் சாப்பிட்டிருப்பதால் சுவை ஓரளவு அறிமுகமாகியிருக்கும். வகுப்புக்குப் பிறகு எஞ்சிய நாள்களில் தெருக்கடையில் உண்ணும் ஒவ்வொரு கிண்ணத்திலும் எது எங்கிருந்து வருகிறது என்று கண்டறியவும் முடியும்.

பாங்காக்கிலேயே தங்குபவர்கள் அங்கும் நல்ல வகுப்புகளைக் காணலாம். க்ளோங் தோய் போன்ற பெருஞ்சந்தையை அழைத்துச் சென்று காட்டும் பள்ளிகள் அங்கு உண்டு. சியாங் மாயில் கட்டணம் சற்றுக் குறைவு, பயண நெரிசலும் குறைவு; மேலும் காவ் சொய் போன்ற வடக்கத்திய உணவுகளைக் கற்க அதுவே இடம்.

வகுப்பைத் தேர்ந்தெடுத்தல்

பள்ளிகள் பொதுவாக அரை நாள், முழு நாள் என இரு வகையாக வகுப்புகளை நடத்துகின்றன. அரை நாள் வகுப்பு காலை ஒன்பது மணியை ஒட்டியோ மாலை நான்கு மணியை ஒட்டியோ தொடங்கும். நான்கு உணவுகள் வரை சமைக்கலாம். கட்டணம் பெரும்பாலும் தாய்லாந்து நாணயமான பாட்டில் ஆயிரத்தை ஒட்டி அமையும். முழு நாள் வகுப்புக்கு இன்னும் சில நூறு பாட் கூடுதலாகக் கொடுத்தால் ஐந்து அல்லது ஆறு உணவுகள் சமைக்கலாம் என்பதால் அதுவே இலாபம் என்று தோன்றும். ஆனால் சமைத்ததை அவ்வப்போது சாப்பிடவும் வேண்டும். மூன்றாவது கிண்ணத்திலேயே வயிறு நிறைந்துவிடும். அதன் பிறகு சமைப்பவற்றை நாக்கு சரியாகச் சுவைப்பதில்லை. சுவைத்துச் சரிசெய்யப் பழகுவதே நோக்கம் என்பதால், முதன்முறை செல்பவருக்கு அரை நாளே போதுமானது; அதிலும் சந்தை சுறுசுறுப்பாக இருக்கும் காலை வகுப்பு மேலானது.

அடுத்த கேள்வி, நகரத்துக்குள்ளா தோட்டத்திலா என்பது. நகருக்கு வெளியே உள்ள தோட்டப் பள்ளிகள் விடுதிக்கே வண்டி அனுப்பி அழைத்துச் சென்று, செடிகளைக் காட்டி, பறிக்கவும் விடுகின்றன. ஐரோப்பாவிலிருந்து வருபவருக்கு அது பெரும் வியப்பு. எலுமிச்சைப் புல்லையும் சுண்டைக்காயையும் துளசியையும் சங்குப்பூவையும் ஊரிலேயே பார்த்துப் பழகிய நமக்கு அந்த வியப்பு சற்றுக் குறைவாகவே இருக்கும். போக வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் வண்டியில் கழியும். குழந்தைகளுடன் செல்பவர்கள் தோட்டத்தையே தேர்ந்தெடுக்கலாம். இடிப்பதிலும் வதக்குவதிலும் கூடுதல் நேரம் வேண்டும் என்பவர்கள் நகரத்துக்குள் உள்ள பள்ளியைத் தேடலாம்.

பதிவு செய்யுமுன் பள்ளியிடம் கேட்டுத் தெளிய வேண்டியவற்றில் முதலாவது, ஒவ்வொருவருக்கும் தனி அடுப்பும் தனி உரலும் உண்டா என்பது. ஆசிரியர் சமைக்க மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்து, கடைசியில் ஆளுக்கொரு முறை கிளறும் வகுப்புகளும் உண்டு. அவை பொழுதுபோக்குக்கு உதவும், கற்பதற்கு உதவாது. மசாலா விழுதை அடிப்படைப் பொருள்களிலிருந்து இடிக்கிறார்களா, அல்லது கடையில் வாங்கிய விழுதை அப்படியே எடுத்துக் கொடுக்கிறார்களா என்பது இரண்டாவது. ஒரு குழுவில் எத்தனை பேர் என்பது மூன்றாவது. எட்டு அல்லது பத்துப் பேருக்கு மேல் போனால் ஆசிரியர் உங்கள் கிண்ணத்தைச் சுவைத்துப் பார்த்துக் கருத்துச் சொல்ல நேரம் இருக்காது. ஒவ்வொருவரும் தமக்கு விருப்பமான உணவைத் தேர்ந்தெடுக்கலாமா, எல்லாரும் ஒன்றையே சமைக்க வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை தராத பள்ளியை விட்டுவிடுவதில் இழப்பு ஒன்றும் இல்லை.

சைவ உணவினரும் ஒவ்வாமை உள்ளவர்களும்

தாய்லாந்துச் சமையலில் மீனும் இறாலும் கண்ணுக்குத் தெரியாமல் நுழையும் இடங்கள் பல. நாம் பிளா எனப்படும் மீன் சாறு ஏறத்தாழ எல்லாவற்றிலும் உப்பாகச் சேர்கிறது. கடையில் விற்கும் சிவப்பு, பச்சை மசாலா விழுதுகளில் கபி எனப்படும் இறால் விழுது கலந்திருக்கும். டோம் யம் சூப்பில் சேர்க்கும் நாம் பிரிக் பாவ் என்ற வறுத்த மிளகாய் விழுதில் பெரும்பாலும் உலர்ந்த இறால் இருக்கும். காய்கறி வதக்கலில்கூடச் சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். ஆகவே, "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கிடைப்பது நம் கணக்கில் சைவமாக இராது.

இதற்குத் தீர்வு எளிது. பதிவு செய்யும்போதே மீன் சாறு, இறால் விழுது, சிப்பிச் சாறு, முட்டை ஆகிய நான்கையும் தனித்தனியே பெயர் சொல்லி விலக்க வேண்டும். சியாங் மாய்ப் பள்ளிகளில் இதற்குப் பழகியவர்களே மிகுதி. மீன் சாற்றுக்குப் பதிலாக சோயா சாறும், சிப்பிச் சாற்றுக்குப் பதிலாகக் காளான் சாறும், இறால் விழுதுக்குப் பதிலாக நொதித்த சோயா விழுதும் தருவார்கள். வடதாய்லாந்தில் துவா நாவ் என்று நொதித்த சோயாவை வட்டத் தட்டுகளாகக் காயவைத்து விற்பார்கள்; அதைச் சுட்டு இடித்துச் சேர்த்தால் இறால் விழுது தரும் ஆழத்தை ஏறத்தாழ எட்டிவிடலாம். விழுதைத் தாமே இடிக்கும் வகுப்பைச் சைவ உணவினர் தேடுவதற்கு இன்னொரு காரணமும் இதுவே: உள்ளே என்ன போகிறது என்பது கண்முன் தெரியும்.

வகுப்புக்கு வெளியே சாப்பிடும்போது, "ஜே" என்று சொன்னால் விலங்குப் பொருள்களோடு பூண்டு, வெங்காயம் போன்றவையும் இல்லாத உணவு கிடைக்கும். "மங்சவிரத்" என்றால் இறைச்சியும் மீனும் இல்லாத உணவு, ஆனால் முட்டை இருக்கலாம். செப்டம்பர், அக்டோபரை ஒட்டி வரும் ஜே விழா நாள்களில் கடைகளில் மஞ்சள் கொடிகள் தொங்கும். அவற்றைக் கண்டால் தயங்காமல் நுழையலாம். "மாய் சாய் நாம் பிளா" என்பது மீன் சாறு சேர்க்க வேண்டாம் என்பதற்கான தொடர்.

வேர்க்கடலையோ இறாலோ ஒவ்வாதவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பட் தாய் என்ற நூடுல்ஸ் வதக்கல், மசமன் குழம்பு, சோம் தம் என்ற பப்பாளிக்காய்க் கலவை ஆகிய மூன்றிலும் வேர்க்கடலை வழக்கமாகச் சேரும். பன்றி இறைச்சியைத் தவிர்ப்பவர்களுக்குக் கோழியையோ டோஃபு எனப்படும் சோயாக் கட்டியையோ மாற்றித் தருவது பெரும்பாலான பள்ளிகளில் இயல்பான ஒன்று.

எந்த உணவுகளைத் தேர்ந்தெடுப்பது

பள்ளிகள் வதக்கல், சூப், மசாலாக் குழம்பு, பசியூட்டி, இனிப்பு என்று வகைபிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு பெயர்களைத் தருவார்கள். பெயர்பெற்றவற்றையே எல்லாரும் தேர்ந்தெடுப்பது இயல்பு. அதைவிட, ஒவ்வொரு உணவும் புதிதாக எதைக் கற்றுத் தருகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது மேல்.

குழம்பு வகையில் பச்சைக் குழம்பான கெங் கியாவ் வானை முதலில் வைக்கலாம். பச்சை மிளகாயிலிருந்து தொடங்கும் விழுதும், தேங்காய்ப்பாலைப் பிரிப்பதும் அதில் முழுமையாக வருகின்றன. மசமன் சுவையில் நமக்கு மிக நெருக்கமானது. ஏலம், கிராம்பு, பட்டை ஆகியவற்றை வறுத்து இடித்து, உருளைக்கிழங்கும் புளியும் சேர்ப்பது நம் கைக்குப் பழகிய வேலை. அக்காரணத்தாலேயே அதை விட்டுவிடலாம் என்பேன். வீட்டில் ஒரு முறை முயன்றாலே வந்துவிடும். காவ் சொய் பட்டியலில் இருந்தால் அதைப் பச்சைக் குழம்புக்கு மாற்றாகக் கருதலாம். யுன்னானிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் வணிகர்களோடு தொடர்புடைய இந்த நூடுல்ஸ் குழம்பில் மஞ்சளும் மசாலாத் தூளும் சேரும்; மேலே பொரித்த நூடுல்ஸ், ஓரத்தில் ஊறுகாயாக்கிய கடுகுக்கீரை, நறுக்கிய சிறு வெங்காயம், எலுமிச்சை ஆகியவற்றை வைத்துத் தருவார்கள்.

சூப்பில் டோம் யம் தேர்ந்தெடுத்தால் புளிப்பையும் உப்பையும் நிறுத்தக் கற்கலாம். இறால் சேர்த்த டோம் யம் குங், 2024-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. வதக்கலில் பட் தாய்க்கும் பட் கப்ராவுக்கும் இடையே பெரும்பாலோர் பட் தாயையே எடுப்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி, அன்றைய பிரதமர் பிபுன் அரசின் தேசியவாத முனைப்பால் நாடெங்கும் பரவிய உணவு அது, சுவையில் குறையில்லை. ஆனால் துளசியும் பூண்டும் மிளகாயும் சேர்த்து நிமிடங்களில் முடியும் பட் கப்ராவ், உச்ச வெப்பத்தில் சமைப்பது எப்படி என்பதைக் கற்றுத் தரும். ஊருக்குத் திரும்பிய பின் நீங்கள் அதிக முறை சமைக்கப்போவதும் அதுவாகத்தான் இருக்கும்.

இனிப்புக்கு மாம்பழ ஒட்டரிசியை எடுப்பதில் தவறில்லை. அரிசி குறைந்தது நான்கு மணி நேரம் ஊற வேண்டும் என்பதால் பள்ளியே ஊறவைத்து ஆவியில் வைத்திருக்கும். சர்க்கரையும் உப்பும் கரைத்த கெட்டித் தேங்காய்ப்பாலை, அரிசி சூடாக இருக்கும்போதே கலந்து மூடிவைப்பது மட்டுமே உங்கள் வேலை.

அன்று காலை

காலை உணவைத் தவிர்க்கவும். பருத்தி உடை, விரல்களை மூடும் காலணி, கட்டிய முடி, மீதிக் கட்டணத்துக்கான பாட் நோட்டுகள், ஒரு சிறு குறிப்பேடு, பேனா ஆகியவை போதும். பள்ளி தரும் செய்முறைப் புத்தகத்தில் எல்லா அளவுகளும் இருக்கும் என்று நம்பிக் குறிப்பேட்டை விட்டுச் செல்பவர்களுக்கு, ஆசிரியர் வாய்வழியாகச் சொல்லும் திருத்தங்கள் மறந்துபோகும்; அப்புத்தகத்தில் இல்லாதவை அவைதாம்.

சந்தையில்

பழைய நகரத்தின் வடகிழக்கில் உள்ள சொம்பெத் போன்ற சிறு சந்தைக்கு அரை மணி நேரம் அழைத்துச் செல்வார்கள். ஆசிரியர் ஒவ்வொரு பொருளையும் கிள்ளி முகரக் கொடுப்பார். முகர்ந்து பார்ப்பதைக் கூச்சத்தால் தவிர்க்க வேண்டாம்.

இங்கே கவனிக்க வேண்டியவற்றில் முதன்மையானது துளசி வகைகள். ஹொரபா சோம்பு மணம் கொண்டது, குழம்பில் இறுதியில் சேர்வது. கப்ராவ் நம் துளசியின் இனமே, வதக்கலுக்கு உரியது. மெங்லக் எலுமிச்சை மணம் கொண்டது. ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றினால் உணவின் பெயரே மாறிவிடும். அடுத்து, இஞ்சி போலத் தோன்றும் பேரரத்தை. இஞ்சியைவிட வெளிறிய நிறமும், பைன் மரப் பிசினை நினைவூட்டும் மணமும் கொண்டது. அதற்கு இஞ்சி ஈடாகாது. மேடு பள்ளமான தோல் கொண்ட மக்ரூட் எலுமிச்சையில் சாற்றைவிடத் தோலும் இலையும்தான் சமையலுக்கு முக்கியம். கொத்துமல்லியை வேரோடு விற்பதைக் காணலாம். அந்த வேர் மசாலா விழுதுக்கு இன்றியமையாதது. கொத்தாகத் தொங்கும் பச்சை மணிகள் நம் சுண்டைக்காயே. பச்சைக் குழம்பில் அப்படியே போடுவார்கள். நீண்ட பச்சை இலை ரம்பை. இனிப்புக்கு மணமும் நிறமும் தரும்.

தேங்காய் துருவிப் பிழியும் கடையில் சற்று நில்லுங்கள். நீர் சேர்க்காமல் பிழிந்த கெட்டிப்பாலும், நீர் சேர்த்துப் பிழிந்த நீர்ப்பாலும் தனித்தனிப் பையில் விற்கும். உங்கள் பள்ளி இதை வாங்குகிறதா, அட்டைப்பெட்டிப் பாலைப் பயன்படுத்துகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடை எதுவானாலும் அடுப்பில் அதன் விளைவு தெரியும். பனஞ்சர்க்கரையிலும் மென்மையான வெளிர்நிறம், கடினமான பழுப்பு நிறம் என்று வகைகள் உண்டு. இரண்டையும் சுவைத்து, அவற்றின் இனிப்பு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளலாம்.

நகரில் வெள்ளிக்கிழமை காலை இருக்க நேர்ந்தால், பான் ஹோ பள்ளிவாசலை ஒட்டிக் கூடும் யுன்னான் முஸ்லிம் சந்தைக்குத் தனியாகவே சென்று வாருங்கள். வகுப்பில் அதைக் காட்டமாட்டார்கள். துவா நாவ் தட்டுகளும் மலைவாழ் மக்களின் விளைபொருள்களும் அங்கே கிடைக்கும்.

உரலில் விழுது இடித்தல்

மசாலா விழுதுக்குக் கருங்கல்லால் ஆன சிறு உரலும் கல் குழவியும் தருவார்கள். பப்பாளிக்காய்க் கலவையான சோம் தம் செய்வதற்கு மண் உரலும் மர உலக்கையும் வேறாக இருக்கும். அது நசுக்கிக் கலப்பதற்கு, இது அரைப்பதற்கு.

நான்கு பேருக்கான பச்சைக் குழம்பு விழுதுக்குப் பதினைந்து முதல் இருபது பச்சை மிளகாய், ஒரு மேசைக்கரண்டி கொத்துமல்லி விதை, ஒரு தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி வெள்ளை மிளகு, ஒரு தேக்கரண்டி உப்பு, மெல்லியதாக நறுக்கிய பேரரத்தை ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டு இரண்டு, மக்ரூட் தோல் ஒரு தேக்கரண்டி, கொத்துமல்லி வேர் மூன்று நான்கு, பூண்டுப் பல் ஏழெட்டு, சிறு வெங்காயம் நான்கைந்து, இறால் விழுது ஒரு தேக்கரண்டி என்பது நல்ல தொடக்க அளவு.

வரிசை இங்கே எல்லாமும் ஆகும். விதைகளை வெறும் சட்டியில் வறுத்து, மிளகோடு முதலில் தூளாக்க வேண்டும். பிறகு உப்பும், நார் மிகுந்த பேரரத்தையும் எலுமிச்சைப் புல்லும் மக்ரூட் தோலும் கொத்துமல்லி வேரும். உப்பு மணல்போல் உராய்ந்து நாரை அறுக்கும். அவை மசிந்த பிறகே மிளகாய். நீர் மிகுந்த பூண்டும் வெங்காயமும் அதற்குப் பின். முன்பே போட்டால் எல்லாம் வழுக்கத் தொடங்கி, நார் அப்படியே தங்கிவிடும். இறால் விழுது கடைசி. ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய பொருள் தனியாகத் தெரியாத வரை இடித்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும்.

அம்மியில் அரைத்துப் பழகியவர்களின் கை தானாகவே நீர் தெளிக்கப் போகும். இங்கே ஒரு சொட்டு நீரும் கூடாது. நீர் கலந்த விழுது தேங்காய் எண்ணெயில் வதங்காமல் வெந்துவிடும், மணம் எழாது. குழவியை உயரத் தூக்கி அடிப்பதைவிட, உரலின் சுவரை ஒட்டிச் சரித்து இடிப்பது விரைவாக மசிக்கும். மிளகாய் தெறிக்காமல் இருக்க மற்றொரு கையால் உரலின் வாயை மறைத்துக்கொள்ளவும். பதினைந்து இருபது நிமிடம் ஆகும். மற்றவர்கள் முடித்துவிட்டார்கள் என்பதற்காக நிறுத்த வேண்டாம். சிறிது எடுத்து இரு விரல்களுக்கு இடையே தேய்க்கும்போது நார் நெருடவில்லை என்றால் விழுது ஆயத்தம். அப்போது ஒரு சிட்டிகையை நாவில் வைத்துப் பாருங்கள். எந்த ஒரு பொருளின் மணமும் தனித்து மேலோங்கக் கூடாது.

அடுப்பில்

நம் சொதியிலும் குருமாவிலும் இரண்டாம் பாலில் காய்களை வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்குவோம். தாய்லாந்துக் குழம்பில் முறை தலைகீழ். கெட்டியான முதல் பாலை வாணலியில் முதலில் ஊற்றி, நடுத்தரத் தீயில் கிளறிக்கொண்டே இருந்தால், சில நிமிடங்களில் நீர் வற்றி, மேலே எண்ணெய்த் துளிகள் மிதக்கத் தொடங்கும். பால் திரிந்துவிட்டதே என்று பதற வேண்டாம், அதற்காகவே காத்திருக்கிறோம். அந்த எண்ணெயில் விழுதைப் போட்டு, பச்சை வாடை போய், எண்ணெய் விழுதின் நிறத்தை ஏற்றுக்கொள்ளும் வரை வதக்க வேண்டும். அட்டைப்பெட்டிப் பாலில் பிரியாமல் இருக்கச் சேர்த்த பொருள்கள் இருக்கக்கூடும் என்பதால் அது எளிதில் எண்ணெய் விடாது. அப்போது ஒரு கரண்டி எண்ணெயைச் சேர்த்துக்கொள்வதில் வெட்கம் தேவையில்லை, பள்ளிகளிலும் அவ்வாறே செய்கிறார்கள்.

அதன் பின் இறைச்சி அல்லது சோயாக் கட்டி, நீர்ப்பால், சுண்டைக்காயும் உருண்டைக் கத்தரிக்காயும், நடுநரம்பு நீக்கிய மக்ரூட் இலை, பிறகு மீன் சாறும் பனஞ்சர்க்கரையும் என்ற வரிசையில் செல்லும். ஹொரபா இலையை அடுப்பை அணைத்த பிறகே தூவ வேண்டும். டோம் கா என்ற தேங்காய்ப்பால் சூப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் மட்டும் நம் பழைய பழக்கத்துக்குத் திரும்பலாம். அங்கே பால் தளதளவென்று கொதிக்கக் கூடாது.

வதக்கலில் நிலைமை வேறு. அடுப்பு முழு வீச்சில் எரியும். தொடங்கிய பின் தேடுவதற்கு நேரமில்லை. நறுக்கியவை, சாறுகள், சர்க்கரை ஆகிய அனைத்தையும் சேர்க்கும் வரிசையில் கைக்கெட்டும் தொலைவில் வைத்த பிறகே தீயைக் கூட்டவும். பூண்டும் மிளகாயும் பொன்னிறத்துக்கு முந்தைய நிலையில் இருக்கும்போதே அடுத்ததைப் போட்டுவிட வேண்டும். பட் தாய் நூடுல்ஸைக் கொதிநீரில் போடாமல் சாதாரண நீரில் வளையும் வரை ஊறவைப்பார்கள்; மீதி மென்மையைப் புளிச்சாறு கலந்த சாறு வாணலியிலேயே தரும். அந்தச் சாறுக்குப் புளிக்கரைசல், பனஞ்சர்க்கரை, மீன் சாறு ஆகியவற்றைச் சம அளவில் எடுத்துத் தொடங்கி, சுவைத்து மாற்றிக்கொள்ளலாம்.

சுவைத்துச் சரிசெய்தல்

வகுப்பின் உண்மையான பாடம் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலோர் பசியால் இதைத் தவறவிடுகிறார்கள். ஆசிரியர் இரண்டு கரண்டி மீன் சாறு என்றால் ஒன்றை ஊற்றிச் சுவையுங்கள். பிறகு மற்றொன்றை ஊற்றிச் சுவையுங்கள். உப்பு முதலில், அடுத்து இனிப்பு, புளிப்பு கடைசியில் என்பது கைக்கொள்ளத்தக்க வரிசை. எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே பிழிய வேண்டும். கொதியில் பிழிந்தால் மணம் பறந்து கசப்பு எஞ்சும்.

உங்கள் கிண்ணத்தை ஆசிரியரிடம் கொடுத்து எது குறைகிறது என்று கேளுங்கள். அவர் சொன்னதைச் சேர்த்து மீண்டும் சுவைத்து, சேர்த்ததன் அளவையும் மாற்றத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து அடுப்பில் சமைத்தவரின் கிண்ணத்தையும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சுவைக்கலாம். ஒரே செய்முறை இரு கைகளில் எவ்வளவு விலகிப் போகிறது என்பது அப்போது விளங்கும். புளிப்பு மிகுந்தால் சர்க்கரையா நீரா, உப்பு மிகுந்தால் தேங்காய்ப்பாலா எலுமிச்சையா என்பன போன்ற கேள்விகளை அங்கேயே கேட்டுவிடுவது நல்லது. காரத்தைப் பொறுத்தவரை, நம்மவர்களிடம் வீரம் சற்று அதிகம். பிரிக் கீ நூ என்ற ஊசி மிளகாய் அளவில் சிறியது என்பதால் ஏமாற வேண்டாம். இரண்டோடு தொடங்கினால் மற்றச் சுவைகளும் நாவுக்கு எட்டும். வகுப்பில் பயன்படுத்தும் கரண்டியின் அளவையும் குறித்துக்கொள்ளவும். அது உங்கள் வீட்டு மேசைக்கரண்டியாக இருக்க வேண்டியதில்லை.

எடுத்து வருவதும் வீட்டில் சமைப்பதும்

பசுமையான இலை, கிழங்கு, விதை ஆகியவற்றை உரிய அனுமதியும் தாவர நலச் சான்றும் இன்றி இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. எனவே மக்ரூட் இலையையும் பேரரத்தையையும் சந்தையில் பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முத்திரையிட்ட மீன் சாறு, காளான் சாறு, நாம் பிரிக் பாவ் போன்றவற்றைச் சரக்குப் பெட்டியில் வைக்கவும். விழுதும் சாறும் 100 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் கைப்பையில் அனுமதிக்கமாட்டார்கள். கருங்கல் உரலைக் கண்டு ஆசைப்படுபவர்கள் அதன் எடையை நினைவில் கொள்க; வீட்டில் உள்ள சிறு கல்லுரலே அதன் வேலையைச் செய்யும். ஒட்டரிசியை ஆவியில் வேகவைக்கும் மூங்கில் கூடை எடையற்றது, மலிவானது, வாங்கத் தகுந்தது.

ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள், நாக்கு மறக்குமுன், முதலில் பட் கப்ராவைச் சமையுங்கள். துளசி வீட்டு வாசலிலேயே இருக்கும். நம் துளசியின் மணம் கூர்மையாகத் தோன்றினால் அளவைச் சற்றுக் குறைக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பச்சைக் குழம்பு. எலுமிச்சைப் புல் தோட்டக்காரர்களிடம் செடியாகவே கிடைக்கும். தொட்டியில் நட்டால் எளிதில் வளரும். மக்ரூட் இலைக்குப் பதிலாக, வேப்பிலைக்கட்டிக்கு ஆய்வதைப்போல் நரம்பு நீக்கிய இளம் நார்த்தை இலையைப் பயன்படுத்தலாம். மணம் வேறு, ஆனால் பொருந்தும். பேரரத்தைப் பச்சையாகக் கிடைக்காதபோது, நாட்டு மருந்துக் கடையில் விற்கும் காய்ந்த துண்டை வெந்நீரில் நன்றாக ஊறவைத்து, பச்சைக் கிழங்குக்குச் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் சேர்க்கவும். மிகுந்தால் குழம்பு கஷாயமாகிவிடும். பனஞ்சர்க்கரைக்குக் கருப்பட்டி சேர்ப்பவர்கள், அதன் கருமையும் புகை மணமும் பச்சைக் குழம்பின் நிறத்தைக் கெடுக்கும் என்பதால் பாதியளவு வெல்லத்தோடு கலந்துகொள்ளலாம்.

ஒரு முறை இடிக்க உட்கார்ந்தால் இரண்டு மூன்று வேளைக்கான விழுதை இடித்துவிடுவது சிக்கனம். ஒரு குழம்புக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, காற்றுப் புகாத சிறு பைகளில் தட்டையாக அமுக்கி உறைபெட்டியில் வைத்தால் ஓரிரு மாதங்கள் வரை மணம் குன்றாமல் இருக்கும். பனி உருகும்போது நீர் கோத்துவிடும் என்பதால், உறைந்த வில்லையை அப்படியே எண்ணெய் பிரிந்த தேங்காய்ப்பாலில் போட்டு வதக்கத் தொடங்கலாம்.